அறுபது கோல் தூரம்

பொய் சொல்கிறவர்கள் முழு எண்ணில்தான் சொல்கிறார்கள். பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்பார்கள். நூறு தடவை சொல்லியாயிற்று என்பார்கள். உண்மை பேசுகிறவன் பதினேழு நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு, பத்தொன்பதாவது நிமிஷம் வந்து அசட்டுச் சிரிப்பு சிரிப்பான். அப்படி ஒருவனை நான்தான் கட்டிக்கொள்ளாமல் விட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, பார்த்ததும் அப்படியே மலைச்சுப் போயிட்டீங்க?" என்றார் காப்பாட்சியர்.

"ஆமாம் சார்" என்றாள் அவள்.

அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், நீண்ட மேஜை மேல் விரித்திருந்த வெல்வெட்டில் அந்த வெண்கலக் கோல் கிடந்தது. சின்ன சாளரக் கம்பி அளவு பருமன். பச்சைப் பூத்து, அங்கங்கே கறுத்து, பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிற மாதிரியான கம்பீரத்துடன் இருந்தது. மேலே சுவரில் ஒரு பலகை: 'ஒரு கோல் = பதினான்கு சாண் = 3.08 மீட்டர்.'

அவளை ஊரில் இன்ஸ்பெக்டரம்மா என்பார்கள். போலீஸ் இல்லை. எடையளவுத் துறையில் கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவள். வேலையை விட்ட பிறகு துப்பறியும் தொழில். "தராசு பொய் சொன்னாலே கண்டுபிடிக்கறீங்க, மனுஷன் எம்மாத்திரம்?" என்று யோசனை சொன்னவள் நாத்தனார். திருமணம் முறிந்தபோது வீடு கணவனுக்கு, நாத்தனார் இவளுக்கு என்று பிரிந்தது. யாருக்கு லாபம் என்பது நாளுக்கு நாள் மாறும்.

"கையுறை போட்டுக்கங்க" என்று காப்பாட்சியர் இரண்டு ஜோடி வெள்ளைக் கையுறைகளை நீட்டினார்.

நாத்தனார் அதை மாட்டிக்கொண்டு விரல்களை விரித்துப் பார்த்தாள். "அண்ணி, இதைப் போட்டுக்கிட்டு கோலைத் தொடறதா, கல்யாணத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறதா?"

"வாயை மூடிட்டு ஸ்கேலை எடு."

காலையில் சலவைக்கடைக்காரி வந்து அழாமல் அழுதுவிட்டுப் போயிருந்தாள். விஷயம் இதுதான். ஊருக்கு நடுவில் ஒரு பழைய குளம். அதன் படியில் ஒரு கல்வெட்டு: குளத்தைச் சுற்றி அறுபது கோல் தூரத்துக்கு யாரும் எதுவும் கட்டக் கூடாது. பல நூறு வருஷமாக யாரும் மதிக்காத அந்த ஆணையை நகராட்சி திடீரென்று மதிக்க ஆரம்பித்திருந்தது. கோல் என்றால் எவ்வளவு என்று அருங்காட்சியகத்தைக் கேட்டார்கள். மூன்று மீட்டர் எட்டு சென்டிமீட்டர் என்று பதில் வந்தது. அப்படியானால் எல்லை நூற்றெண்பத்தைந்து மீட்டரை ஒட்டி வரும். சலவைக்கடை இருப்பதோ நூற்றெண்பதில். கடைச் சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்துவிட்டது. நாளைக் காலை இடிக்கிற இயந்திரம் வரும்.

"கணவர் போனாரு, தாங்கிக்கிட்டேன்" என்று அவள் சொன்னாள். "கடை போனா நானும் என் பொண்ணும் தெருவுல நிக்கணும். அந்தக் கோல் பொய்னு எனக்குத் தோணுதும்மா. எப்படின்னு கேக்காதீங்க. அந்த மியூசியம் சாரோட சட்டையை ரொம்ப வருஷமா நான்தான் துவைக்கறேன். இப்பல்லாம் அக்குள்ல வேர்வை ஜாஸ்தி."

இதைவிட மோசமான ஆதாரத்தை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மா வழக்கு எடுத்திருக்கிறாள்.

நாத்தனார் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கொடுத்தாள். காப்பாட்சியர் ஆட்சேபிக்கவில்லை. காட்டுவதில் அவருக்கு அவ்வளவு பெருமை. "குளத்தைத் தூர் வாரினப்ப சேத்துல கிடைச்சது. நான் முன்னாடியே சொல்லிட்டிருந்த அளவு அப்படியே அச்சா இருந்தது. வெளிநாட்டுல ஒருத்தர் என் அளவு தப்புன்னு எழுதினார் பாருங்க, அவர் வாய் அன்னிக்கே அடைஞ்சு போச்சு."

அவள் குனிந்தாள். கோலில் சாணுக்கு ஒரு கோடு. முதல் கோடு ஸ்கேலில் இருபத்திரண்டு சென்டிமீட்டர் கோட்டின் மேல் உட்கார்ந்தது. ஸ்கேலை நகர்த்தினாள். அடுத்ததும் இருபத்திரண்டு. அதற்கடுத்ததும். ஒரு மயிரிழை அங்கே இங்கே இல்லை. ஸ்கேலின் கோடும் கோலின் கோடும் ஒரே தாயாரின் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. முகத்தில் ஒன்றும் இல்லாமல் நிற்பதற்கும் திருமணம் நல்ல பயிற்சி.

"ரொம்ப நன்றி சார். அருமையான கோல்."

வெளியே படிக்கட்டில் இறங்கியதும் நாத்தனார் கையுறையைக் கழற்றாமலே கேட்டாள். "அருமையான கோலா? கட்சி மாறிட்டீங்களா அண்ணி?"

"அருமைதான். பதினாலு சாண், பதினாலும் சரியா இருபத்திரண்டு சென்டிமீட்டர்."

"நல்லதுதானே? அந்தக் காலத்து ஆளுங்க சுத்தமா வேலை செஞ்சிருக்காங்க."

"சாண்னா என்ன?"

நாத்தனார் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினாள்.

"அது யாரோ ஒருத்தரோட கை. ஒரு ராஜாவோ, ஒரு கொத்தனாரோ. அவர் கைக்கும் நம்ம மீட்டருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மீட்டரை ரொம்பப் பிற்பாடு வேற யாரோ, வேற எங்கேயோ, பூமியை அளந்து கண்டுபிடிச்சாங்க. பழைய அளவை நம்ம அளவுக்கு மாத்தினா எப்பவும் அசிங்கமாத்தான் வரும். இருபத்தொண்ணு புள்ளி மூணு, இருபத்திரண்டு புள்ளி ஏழுன்னு வாலோட வரும். இது வாலே இல்லாம வந்திருக்கு."

"தற்செயலா இருக்கக் கூடாதா?"

"ஒரு கோடுன்னா தற்செயல்னு விட்டுடலாம். கையால கோடு போட்டவனுக்குப் பதினாலுல ஒண்ணாவது கோணும். இதைச் செஞ்சவன் நம்ம ஸ்கேலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் செஞ்சிருக்கான். முதல்ல பலகை வந்திருக்கு. அப்புறம்தான் கோல் வந்திருக்கு."

நாத்தனார் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அதாவது கிழவிக்குப் பேத்தி பேர் வெச்சிருக்கா."

"இன்னிக்கு நீ சொன்னதுலயே இதுதான் உருப்படி."

ஆனால் பொய்க் கோல் என்பது பாதிதான். நிஜக் கோல் எவ்வளவு? அது மூன்று மீட்டர் இருபதாக இருந்து தொலைத்தால் சலவைக்கடைக்காரி இன்னும் உள்ளேதான் போவாள். நிஜ அளவு ஒரு காலத்தில் சந்தை வாசலின் நீளக் கல்லில் இரண்டு வெட்டுக்குறிகளாக இருந்தது. வியாபாரிகள் அங்கே வந்துதான் தங்கள் கோலைச் சரிபார்த்துக்கொள்வார்களாம். போன வருஷம் ஒரு லாரி பின்பக்கமாக வந்து அந்தக் கல்லைத் தூளாக்கிவிட்டது. தூளை ரோட்டுக்குப் போட்டு விட்டார்கள்.

"அப்ப கதை முடிஞ்சுதா?" என்றாள் நாத்தனார்.

"கல் போச்சு. சந்தை இருக்கே."

பழைய சந்தை மண்டபத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். வரிசையாகக் கல்தூண்கள், ஒவ்வொரு தூணிலும் ஒரு சைக்கிள் சங்கிலியால் கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவுக்கு டேப்பை இழுக்கச் சொன்னாள். உறை விற்கிறவன் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தான்.

"இடத்தை வாங்கப் போறீங்களாக்கா?"

"தூணை மட்டும்" என்றாள் நாத்தனார். "வீட்டுல துணி காயப்போட."

முதல் இடைவெளி இரண்டு மீட்டர் தொண்ணூற்றெட்டு. இரண்டாவதும் அதுவே. மூன்றாவது தொண்ணூற்றேழு. பிறகு தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, மறுபடி தொண்ணூற்றெட்டு. கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் அவசரமாக, ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிற அளவு. அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து இளகியது. இதுதான் மனிதர்கள் செய்த வேலையின் முகம். இதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

"கல்வேலைக்காரன் என்ன பண்ணியிருப்பான்? கோலைத் தரையில படுக்கப் போட்டு, ரெண்டு முனையிலயும் ஒரு தூண் நட்டுட்டு, அடுத்ததுக்கு நகர்ந்திருப்பான். அவனுக்குத் தசமப் பின்னம் போட நேரம் ஏது? தூணுக்குத் தூண் ஒரு கோல். ஒரு கோல் ரெண்டு மீட்டர் தொண்ணூத்தெட்டு."

நாத்தனார் போனில் தட்டிப் பார்த்தாள். "அறுபதால பெருக்கினா நூத்தி எழுபத்தொம்போது மீட்டர்கூட இல்லை. கடை நூத்தி எண்பதுல இருக்கு. அண்ணி! கடை வெளியில!"

"கடை மட்டும் இல்ல. பலகை சொல்ற எல்லைக்கும் நிஜ எல்லைக்கும் நடுவுல ஆறு மீட்டர் இருக்கு. குளத்தைச் சுத்தி அந்த ஆறு மீட்டர்ல யார் யார் இருக்காங்களோ, எல்லாரும் வெளியில." தையல்காரர், குழந்தைகள் காப்பகம், இரண்டு ஓட்டு வீடுகள். காலையில் நடந்து வரும்போது சிவப்புக் குறிகளைப் பார்த்திருந்தாள்.

"அப்ப போய்ச் சொல்லிடலாம் வாங்க."

அவள் அசையவில்லை. மூன்று மீட்டர் எட்டு. இரண்டு மீட்டர் தொண்ணூற்றெட்டு. வித்தியாசம் பத்து சென்டிமீட்டர். மறுபடியும் முழு எண். தப்பு இப்படிச் சுத்தமாக வராது. தெரியாமல் அளக்கிறவன் நாலு சென்டிமீட்டர் விடுவான், ஏழு விடுவான். மிகச் சரியாகப் பத்து விட வேண்டுமானால், அதற்கு ஒரு தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

"அருங்காட்சியகத்துல ஸ்டாண்டு, கண்ணாடிப் பெட்டியெல்லாம் யார் செய்யறா?"

அருங்காட்சியகத்தின் பின்புறம் தகரக் கூரை போட்ட பட்டறை. பட்டறைக்காரர் காதில் பென்சிலுடன் ஒரு ஸ்டாண்டின் காலில் திருகு மாட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். துடைத்த துணி நாற்காலியைவிட அழுக்கு.

"உட்காருங்கம்மா. என்ன வேணும்?"

"உங்க வேலை மேஜை மாதிரியே வீட்டுக்கு ஒண்ணு செய்யணும்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "இது எவ்வளவு நீளம்?"

அவர் இடுப்பிலிருந்து டேப்பை உருவி ஒரு முனையில் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை நாத்தனாரிடம் நீட்டினார். "அந்தப் பக்கம் படிம்மா."

"ஒரு மீட்டர் தொண்ணூறு" என்றாள் நாத்தனார்.

"அப்ப ஒண்ணு எண்பது."

"என்னங்க இது, கண்ணு முன்னாலயே பத்து சென்டிமீட்டரைக் காணோம்! பட்டப்பகல்ல!"

அவர் சிரித்துக்கொண்டே தம் கையைக் காட்டினார். மேஜை விளிம்பில் டேப்பின் நுனி இல்லை. பத்து என்ற எண்ணின் மேல் கட்டைவிரல் நகம் அழுத்திக்கொண்டிருந்தது. "டேப்போட நுனிக் கொக்கி ஆடும்மா. நம்ப முடியாது. நாங்கல்லாம் பத்துலேர்ந்துதான் பிடிப்போம். அப்புறம் பத்தைக் கழிச்சுக்குவோம். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான்."

கூரைத் தகரத்தில் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரம்மா மிக மெல்லக் கேட்டாள்.

"சந்தை வாசல் கல்லை அளந்தப்ப, ஒரு பக்கம் நீங்க பிடிச்சீங்களா?"

"ஆமாம்மா. கல்லு உடையறதுக்கு ரொம்ப முன்னாடி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சார். அவர் படிச்சு எழுதிக்கிட்டார்."

"பத்தைக் கழிக்கச் சொன்னீங்களா?"

"அவ்வளவு படிச்சவருக்கு அதை நான் சொல்லணுமாம்மா?" என்று இயல்பாகச் சொன்னவர், சொல்லி முடிக்கும்போது நிறுத்தினார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி சொருகிக்கொண்டார். மேஜையைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். "அடடா" என்றார்.

அறிஞர் ஒருவர் அந்த எண்ணைக் கொண்டு மேடை மேடையாகப் பேசி, மாலை வாங்கி, பலகையில் பொறித்து வைத்துவிட்டார். அது பட்டறைக்காரரின் கட்டைவிரல். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஏதோ ஒரு வருத்தமும். ஒருவர் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தது, மற்றவர் கேட்கத் தெரியாமல் விட்டது: எத்தனை வீடுகள் இப்படித்தான் இடிகின்றன.

"வெண்கலக் கோலையும் நீங்கதான் செஞ்சீங்களா?"

அவர் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். "மாடல்னுதான் கேட்டார். பிள்ளைங்க பாக்க வர்றாங்க, ஒரு மாடல் வேணும்னு. செஞ்சு குடுத்தேன். அப்புறம் ஒரு நாள் பாத்தா, சேத்துல கிடைச்சதுன்னு கூடத்துல வெச்சிருக்காங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல? எனக்கு இங்கதானே வேலை." பிறகு தொழில் கௌரவம் தலை தூக்கியது. "ஆனா அளவு சரியா இருக்கும்மா. அதை டேப் வெச்சுப் போடலை. ஸ்கேல் வெச்சுப் போட்டேன்."

"தெரியும்" என்றாள் அவள். "ரொம்பச் சரியா இருக்கு."

காப்பாட்சியரின் அறையில் சலவைக்கடைக்காரி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா பேசி முடிக்கும்வரை காப்பாட்சியர் குறுக்கிடவில்லை. தூண், டேப், கட்டைவிரல், பட்டறை. ஒவ்வொன்றுக்கும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னவராகிக்கொண்டே போனார். கடைசியில் நாற்காலி பெரிதாகத் தெரிந்தது.

"எல்லாரும் நான் இடத்தைச் சுருட்டப் பாக்கறேன்னு நினைப்பாங்க" என்றார். "எனக்கு எதுக்கும்மா இடம்? அந்த வெளிநாட்டுக்காரர் தப்புன்னு எழுதினார். நான் மறுபடி அளந்து பாத்திருக்கலாம். அதுக்குள்ள கல் உடைஞ்சு போச்சு. அப்புறம் தூண்களை அளந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை. முப்பது வருஷமா என் பேரே அந்த நம்பர்தான். தெருவுல போனா கோல் போறார்னு சொல்றாங்க. நகராட்சி வந்து என்னைக் கேக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டப்ப சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் நாத்தனார்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "நீங்க ஒரு பொய்யை வெல்வெட்டுல படுக்க வெச்சுப் பாருங்க. அப்புறம் அதை எழுப்ப மனசு வராது."

நாத்தனார் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நாளைக்கு இடிக்கறவங்களுக்கு என் வார்த்தைதான் கடைசி வார்த்தை. சலவைக்கடை பழைய சுவர், பாதுகாக்கணும்னு நான் இப்பவே போன் பண்ணா போதும், அந்த ஒரு கட்டடத்தை விட்டுடுவாங்க. உறுதியா சொல்றேன். பதிலுக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். முன்னாள் எடையளவு ஆய்வாளர், கோலைப் பரிசோதித்தேன், அளவு சரி. கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"மத்த வீடுங்க?"

"ஒரு பத்து சென்டிமீட்டர்தானேம்மா" என்றார், கிட்டத்தட்ட கெஞ்சலாக. அவள் வேலை பார்த்த காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறாள். ஒரு பத்து கிராம்தானேம்மா. தராசுத் தட்டுக்கு அடியில் புளியங்கொட்டை அளவு ஈயம் ஒட்டியவர்கள் எல்லோரும் இதே குரலில்தான் சொல்வார்கள். அவர்களில் கெட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்.

"இதை எடுத்துக்கிட்டு நேரா நகராட்சிக்குப் போனா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"போங்க. மனு வாங்கி வெச்சுக்குவாங்க. விசாரணை வைப்பாங்க. இயந்திரம் அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது." அதில் மிரட்டல் இல்லை. அது உண்மை என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

சலவைக்கடைக்காரி எழுந்து வந்து இன்ஸ்பெக்டரம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சோடா உப்பில் ஊறி ஊறிக் கரடுதட்டிய விரல்கள்.

"போட்டுடுங்கம்மா."

"அக்கா, உங்க பக்கத்து வீட்டுக் காப்பகத்துல—" என்று ஆரம்பித்தாள் இன்ஸ்பெக்டரம்மா.

"எனக்குத் தெரியாதா? என் பொண்ணு அங்கதான் வளர்ந்தா." குரல் உடையவில்லை, தணிந்தது. "ஆனா அவங்க வந்தாங்களா உங்ககிட்ட? தையல்காரர் வந்தாரா? நான்தானே வந்தேன். நான்தானே கேட்டேன். எனக்காகத்தானே நீங்க வேலை செய்யறீங்க?"

கேட்டது நியாயம்தான். தன்னை நம்பி வந்தவளை நாளைக் காலை சிவப்புக் குறியின் முன்னால் நிறுத்தப்போகிறோம் என்பதும், அவள் தன்னை இனி மன்னிக்க மாட்டாள் என்பதும் இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் என்ன பெரிய நீதிமானா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. கோபம்கூட இல்லை. ஆறு மீட்டருக்குள் இருக்கிற அத்தனை பேரையும் நேசிக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. தையல்காரர் அவள் ரவிக்கையை இரண்டு தடவை கெடுத்திருக்கிறார். வெறுமே, அந்தக் கோல் மூன்று மீட்டர் எட்டு இல்லை. அவ்வளவுதான். அது அவள் கையைத் தூக்கவிடாமல் கனத்துக் கிடந்தது.

காப்பாட்சியர் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். நாத்தனார் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா தன் முழங்கையில் இருந்த விரல்களின் மேல் இன்னொரு கையை வைத்தாள். விலக்கவில்லை.

"இன்னிக்கு சாயங்காலமே மனு குடுக்கறேன். காலையில உங்க கடை வாசல்ல வந்து நிக்கறேன். நடக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றாள் அவளிடம். பிறகு காப்பாட்சியரைப் பார்த்து, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"போட மாட்டேன் சார்."